மஞ்சள் சிவக்கும், இலை பாடும், நிழல் ஒளியும்… தெரியுமா?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ரோச்செஸ்டர் என்றோர் ஊர். அங்கே விளையாட்டுக்கென்றே ஓர் அருங்காட்சியகம். அதற்குள்ளே, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கொண்டாடிய பொம்மைகளுக்கென்று ஒரு புகழ் மண்டபம். பார்பி இருக்கிறாள், லெகோ இருக்கிறது, கரடி பொம்மை இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு அந்த மண்டபத்துக்குள் ராஜநடை போட்டு நுழைந்தது எது தெரியுமா? காலி அட்டைப்பெட்டி! ஆமாம், ஃபிரிட்ஜ் வந்திறங்கிய மறுநாள் பழைய பேப்பர்காரரிடம் போகிறதே, அதே பெட்டிதான். அதோடு நின்றதா? 2008-இல் மரக்குச்சி. 2011-இல் போர்வை. 2021-இல் மணல்! (மணல் என்ன விலை விற்கிறது என்று வீடு கட்டுகிறவர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். பிள்ளைக்கு ஒரு சட்டி போதும்.)

ஆகவே, ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிக் கொடுத்த ரிமோட் காரை ஓரங்கட்டிவிட்டு, அது வந்த பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து ‘பீப்… பீப்’ என்று பஸ் ஓட்டுகிற பிள்ளையை யாரும் திட்டவேண்டாம். ரிமோட் காருக்கு ஒரு வேலைதான் தெரியும். பெட்டியோ காலையில் பஸ், மதியம் மளிகைக் கடை, சாயங்காலம் சிங்கத்தின் குகை! இப்படிக் காசு கேட்காத, ஆனால் கண்ணை அகல விரிய வைக்கிற சங்கதிகள் நம் அடுப்படியிலும் வாசலிலும் எத்தனை கிடக்கின்றன தெரியுமா?

பிள்ளைகள் உருட்டிப் பிசைந்து யானை செய்கிற அந்த வண்ண மாவு, ‘பிளே-டோ’, பிறக்கும்போது பொம்மையே இல்லை என்பது தெரியுமா? அது சுவர் துடைக்கும் மாவு! அந்தக் காலத்தில் அமெரிக்க வீடுகளில் குளிருக்கு நிலக்கரி எரிப்பார்கள். சுவர்த்தாளில் கரி படியும். அதை ஒற்றி எடுக்கத்தான் சின்சினாட்டி நகரத்துச் சோப்புக் கம்பெனி ஒன்று இந்த மாவை விற்றது. நிலக்கரி போய் எரிவாயு வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. அந்தக் குடும்பத்து உறவுக்காரப் பெண் கே ஸூஃபால் மழலையர் பள்ளி நடத்தியவர். பிள்ளைகளிடம் அந்த மாவைக் கொடுத்துப் பார்த்தார். அவ்வளவுதான்! 1956-இல் அது பொம்மைக் கடைக்கு வந்து, உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

அதே வித்தையை உங்கள் வீட்டிலும் செய்யலாம். இரண்டு கிண்ணம் மைதா, ஒரு கிண்ணம் தூள் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், ஏறக்குறைய ஒரு கிண்ணம் தண்ணீர். சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசைந்தால் முடிந்தது. உப்பு எதற்கு? மாவு சீக்கிரம் கெட்டுப்போகாமல் இருக்க. இன்னொரு லாபமும் உண்டு: ஒரு தரம் நக்கிப் பார்த்த பிள்ளை மறுபடி வாயில் வைக்காது! நிறத்துக்கு பீட்ரூட் சாறு, மஞ்சள்தூள்.

மஞ்சள்தூள் என்றதும் நிற்கவேண்டும். ஏனென்றால் நம் அஞ்சறைப்பெட்டிக்குள் இருக்கிற பெரிய மந்திரவாதியே அதுதான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை, பெண் வாசலுக்கு வந்ததும் ஆரத்தி எடுக்கிறார்களே, அந்தத் தண்ணீர் எப்படி அவ்வளவு சிவப்பாக இருக்கிறது தெரியுமா? குங்குமம் கரைத்ததால் என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லவே இல்லை! மஞ்சள் தண்ணீரில் ஒரு துளி வெற்றிலைச் சுண்ணாம்பு. உடனே குபீரென்று சிவக்கும்! மஞ்சளில் இருக்கிற குர்குமின் என்ற பொருள் காரத்தைச் சந்தித்தால் நிறம் மாறிவிடும். வேதியியல் ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் செய்கிற வேலையை நம் பாட்டிமார் தாம்பாளத்தில் செய்துகொண்டிருந்தார்கள், யாரும் அதைப் பாடம் என்று சொல்லவில்லை. சட்டையில் சாம்பார் கொட்டிய இடத்தில் சோப்புப் போட்டால் திடீரென்று ரத்தச் சிவப்பாகிப் பயமுறுத்துமே, அதுவும் இதே கதைதான்.

இதை வைத்து ஒரு ரகசியக் கடிதம் எழுதலாமா? வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைப் பூசிக் காயவையுங்கள். துணி சோப்புக் கரைத்த தண்ணீரில் குச்சியை நனைத்துப் பிள்ளையைத் தன் பெயர் எழுதச் சொல்லுங்கள். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து துள்ளி எழும்! அதன்மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால்? சிவப்பு போய் மறுபடி மஞ்சள்! ஆனால் ஒன்று. சாற்றை விடுவதற்கு முன்னால், “என்ன ஆகும்னு நீ நினைக்கிறே?” என்று கேட்டுவிட்டு விடுங்கள். ஊகிக்காமல் பார்க்கிற பிள்ளைக்கு அது வெறும் வேடிக்கை. ஊகித்துவிட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு அது சோதனை. என் கணக்கில் இந்தக் கட்டுரையிலேயே மிக உபயோகமான வரி அதுதான். வேலியில் பூத்த நீலச் சங்குப்பூ நாலைந்தை வெந்நீரில் போட்டுப் பாருங்கள், தண்ணீர் நீலமாகும்; எலுமிச்சை பிழிந்தால் ஊதா, ஆப்ப சோடா தூவினால் பச்சை கலந்த நீலம். ஒரே பூ, மூன்று டம்ளர், மூன்று நிறம்! (சுண்ணாம்பை மட்டும் பெரியவர்கள் கையாளுங்கள். கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகளுக்குச் சோப்பும் சோடாவும் போதும்.)

சரி, இருட்டில் வளர்கிற பயிர் வெயிலில் வளர்கிற பயிரைவிட உயரமாக வளரும் என்றால் நம்புவீர்களா? அம்மன் கோயில் திருவிழாவில் முளைப்பாரி எடுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முளைகள் பச்சையாகவா இருக்கும்? வெளிர்மஞ்சளாக, நெடுநெடுவென்று, ஒல்லியாக நிற்கும். இருட்டறையில் வைத்து வளர்ப்பதுதான் காரணம். வெளிச்சம் எங்கே, எங்கே என்று தேடித் தேடி முளை தன் கையிருப்பையெல்லாம் உயரத்துக்கே செலவழிக்கிறது; பச்சையம் உண்டாக வெளிச்சம் வேண்டும், அது இல்லாததால் மஞ்சளாகவே நிற்கிறது. இரண்டு கொட்டாங்குச்சி, கொஞ்சம் மண், ஒரு பிடி பச்சைப்பயறு. ஒன்றை ஜன்னலோரம் வையுங்கள், இன்னொன்றைப் பீரோவுக்குள் வைத்துத் தினமும் தண்ணீர் தெளியுங்கள். ஒரே வாரத்தில் பிள்ளை வீடு முழுக்கக் கூப்பிட்டுக் காட்டும். தினமும் ஒரு நூலால் உயரத்தை அளந்து, வெட்டி, நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள். எண் எழுதத் தெரியாத மூன்று வயதுப் பிள்ளைகூட வரைபடம் போட்டுவிடும்!

பூவரச மரத்தில் நாதஸ்வரம் காய்க்கிறது, தெரியுமா? இளம் இலை ஒன்றைப் பறித்து, காம்பைக் கிள்ளிவிட்டு, இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை உதட்டுக்கிடையில் லேசாக அமுக்கி ஊதுங்கள். பீ… பீ…! அமுக்கிய முனையில் இலையின் இரண்டு விளிம்புகளும் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. அந்த அதிர்வுதான் ஒலி. நாதஸ்வரத்தின் வாயில் செருகியிருக்கும் சீவாளி செய்வதும் அச்சு அசலாக இதே வேலை! சுருளை நீளமாக்கினால் ஒலி தடிக்கும், சின்னதாக்கினால் கீச்சிடும்.

இன்னும் ஒரு வேடிக்கை கேளுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டுங்கள். தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும். ஜலதரங்கத்தின் ரகசியமே அதுதான். கிண்ணங்களில் அளவு மாற்றித் தண்ணீர் ஊற்றியே சுரம் சேர்க்கிறார்கள். அதே தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி, வாய்ப்பகுதியில் உதட்டை வைத்து ஊதுங்கள். இப்போது தண்ணீர் கூடக் கூடச் சுருதி ஏறும்! தலைகீழ்! ஏன்? தட்டும்போது அதிர்வது டம்ளரும் அதிலுள்ள தண்ணீரும்; கனம் கூடினால் அதிர்வு மெதுவாகும். ஊதும்போது அதிர்வது மேலே இருக்கிற காற்று. இடம் குறைந்தால் அதிர்வு வேகமாகும். பெரிய வகுப்புப் பிள்ளைகளே திணறுகிற கேள்வி இது. ஆறு வயதுப் பிள்ளை காதாலேயே கண்டுபிடித்துவிடும்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். சட்டைப் பொத்தானில் நூல் கோத்து, இரண்டு கையிலும் மாட்டி, முறுக்கி இழுத்தால் ‘விர்ர்ர்’ என்று சுற்றுமே, பொத்தான் கிடைக்காதவர்கள் சோடா மூடியைக் கல்லால் தட்டித் தட்டையாக்கி ஓட்டை போடுவார்களே, அந்த விளையாட்டுச் சாமான் மருத்துவக் கருவியாகிவிட்டது தெரியுமா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து விஞ்ஞானி மனு பிரகாஷ் உகாண்டாவுக்குப் போயிருந்தபோது, ஒரு சுகாதார நிலையத்தில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் விலையுயர்ந்த இயந்திரம் கதவுக்கு முட்டுக்கொடுக்கக் கிடந்ததாம். காரணம், அங்கே மின்சாரம் கிடையாது! கரண்டே இல்லாமல் அசுர வேகத்தில் சுழலும் பொருள் எது என்று பம்பரம், யோயோ என்று ஒவ்வொன்றாகப் பொம்மைகளைத் தேடிப்போனது அவர் குழு. கடைசியில் கிடைத்தது இந்தப் பொத்தானும் நூலும்! காகிதம், நூல், சிறு கட்டை. அவ்வளவே. நிமிடத்துக்கு 1,25,000 சுற்று! இரண்டு நிமிடத்துக்குள் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா தனியாகப் பிரிந்துவிடுகிறது. கருவியின் அடக்கச் செலவு 20 அமெரிக்க சென்ட். 2017-இல் இதை உலகுக்கு அறிவித்த குழுவில் முன்னணியில் இருந்த சாத் பாம்லா யார் தெரியுமா? நம் சென்னை ஐ.ஐ.டி-யில் படித்தவர்!

ஆகவே, பொத்தானும் நூலும் பிள்ளைக்குக் கொடுங்கள். வட்ட அட்டையில் ஏழு நிறத்தை வகுத்துப் பூசி, நடுவில் இரண்டு ஓட்டை போட்டுச் சுழற்றினால் நிறங்கள் கரைந்து வெளிறிப்போவதையும் பார்க்கலாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கையில் பொத்தான், கோலி, கொட்டை எதுவும் தனியாகக் கிடைக்கக்கூடாது, அதை மட்டும் மறக்கவேண்டாம்.

பொம்மை என்றால் அரவிந்த் குப்தாவைச் சொல்லாமல் எப்படி? கான்பூர் ஐ.ஐ.டி-யில் படித்து, புனேயில் டெல்கோ கம்பெனியில் லாரி தயாரிக்கும் வேலையில் இருந்தவர். 1978-இல் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்துக் கிராமங்களுக்குப் போனார். ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. ஆய்வகம் கிடையாது, கருவி கிடையாது. வாரச்சந்தையில் சைக்கிள் வால்டியூப் கண்ணில் பட்டது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி இணைத்தார். மூன்று குச்சி சேர்த்தால் முக்கோணம், நான்கு சேர்த்தால் சதுரம், பன்னிரண்டு சேர்த்தால் கனசதுரம்! அந்தத் தீக்குச்சிப் பொம்மைகள் புத்தகமாகி ஊர் ஊராகப் போயின. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? செய்து பாருங்கள். மருந்து சுரண்டிய தீக்குச்சியும் வால்டியூபும் வைத்து ஒரு சதுரம் செய்து விரலால் தள்ளுங்கள். சாய்ந்து நசுங்கும். ஐங்கோணமும் அப்படித்தான். முக்கோணத்தைத் தள்ளுங்கள், அசையாது! சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி போட்டு இரண்டு முக்கோணமாக்கினால் அதுவும் கல்லாக நிற்கும். பிறகு அந்தப் பிள்ளையை ரயிலில் கூட்டிப் போனால் ஜன்னலை விட்டு நகராது. கரண்டு டவரில் முக்கோணம், செல்போன் டவரில் முக்கோணம், ஆற்றுப் பாலத்தின் இரும்புச் சட்டத்தில் முக்கோணம்! பொறியியல் கல்லூரியின் முதல் பாடம் பத்து ரூபாய்க்குள் முடிந்தது.

வாசலுக்கு வாருங்கள். கோலம் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியில் இடம்பிடித்தது தெரியுமா? தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தின் ஓட்டத்தை, கம்ப்யூட்டர் மொழிகளுக்கு வைக்கிற மாதிரியான இலக்கண விதிகளாக எழுதிக்காட்டினார்கள். 1974-லேயே! இன்றைக்கும் வெளிநாட்டுக் கணித ஆய்வுகளில் கோலம் என்ற பெயர் வருவதற்கு அடி போட்டவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள்.

பிள்ளைகளுக்கு அவ்வளவு வேண்டாம். புள்ளி வைக்கத் தெரிந்தால் போதும். இடுக்குப் புள்ளி, 5-இல் தொடங்கி 1-இல் முடிப்பது. நடுவில் 5, மேலே 4, 3, 2, 1, கீழேயும் 4, 3, 2, 1. எல்லாவற்றையும் எண்ணச் சொல்லுங்கள். 25! ஐயைந்து இருபத்தைந்து! 7-இல் தொடங்கினால்? 49. ஏழேழு நாற்பத்தொன்பது! 9-இல் தொடங்கினால் 81. ஒவ்வொரு தடவையும் வாய்ப்பாடு எங்கிருந்து வந்து குதிக்கிறது? புள்ளிகளைச் சாய்வாகப் பாருங்கள்: சாய்ந்த வரிசை ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து புள்ளி, அப்படி ஐந்து வரிசை. சாய்த்துப் படுக்கவைத்த சதுரம்தான் அது! அதையே நேர்ப்புள்ளியாக 1, 3, 5, 3, 1 என்று வைத்தால் 13-தான் வரும். அதற்குள் 9-ம் 4-ம் என்று இரண்டு சதுரம் ஒளிந்திருக்கிறது, தேடிப் பாருங்கள். வாசல் இல்லாத அடுக்குமாடி வீடா? தரையில் புளியங்கொட்டை பரப்பினால் ஆயிற்று. அதே கொட்டைகளும் சாக்பீஸில் வரைந்த 14 வட்டங்களும் இருந்தால் பல்லாங்குழியும் தயார். ஒவ்வொரு குழிக்கும் ஒன்று, ஒன்று என்று போட்டு வருவதே எண்ணிக்கையின் அடிப்படை. கானாவிலும் பிள்ளைகள் இதற்குச் சொந்தக்கார விளையாட்டான ‘ஓவாரே’ ஆடுகிறார்கள்!

ஒரு தாளை எத்தனை முறை பாதியாக மடிக்கலாம்? ஏழு முறைக்கு மேல் முடியாது என்று பந்தயம் கட்டுவார்கள். 2002-இல் கலிஃபோர்னியாவில் பிரிட்னி காலிவன் என்ற பள்ளி மாணவி ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள டாய்லெட் காகிதத்தை வைத்து 12 முறை மடித்துவிட்டார்! 42 முறை மடிக்க முடிந்தால்? கால் மில்லிமீட்டர்கூட இல்லாத தாளின் தடிமன் நிலவையே தாண்டிவிடும்! பிள்ளையிடம் ஒரு செய்தித்தாளைக் கொடுத்துவிட்டு நீங்கள் காபி குடிக்கப் போகலாம்.

இந்தக் காலத்தில் மாண்டிசோரி என்று பலகை மாட்டினாலே கட்டணம் எங்கோ போய்விடுகிறது. ஆனால் மரியா மாண்டிசோரி 1907-இல் தன் முதல் பள்ளியை எங்கே தொடங்கினார் தெரியுமா? ரோம் நகரத்தில், சான் லொரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில்! தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, கூட்டுவது, துடைப்பது ஆகியவையே அங்கே பாடம். அந்த அம்மையார் 1939-இல் நம் அடையாறுக்கு வந்தார். உலகப்போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல், கொடைக்கானலிலும் வாழ்ந்தார். நம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே தன் சிந்தனையை வளர்த்தார். ஆகையால் ஒரு முறத்தில் துவரை, உளுந்து, கொண்டைக்கடலை கலந்து கொட்டி, நாலு வயதுப் பிள்ளையிடம் பிரித்துத்தரச் சொல்லுங்கள். கண்ணுக்கும் விரலுக்கும் அது கொடுக்கிற பயிற்சியைப் பளபளப்பான மரச்சாமான் கூடுதலாகக் கொடுத்துவிடாது.

கடைசியாக வானத்துக்கு. மரத்தடி நிழலில் விழுகிற வெளிச்சப் பொட்டுகள் ஏன் வட்டமாகவே இருக்கின்றன? இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வட்டமா என்ன? கோணல்மாணல்! ஆனாலும் தரையில் வட்டம். ஏனென்றால் அது இடைவெளியின் உருவம் இல்லை, சூரியனின் உருவம்! கீற்றுக் கூரை ஓட்டை வழியாக வீட்டுக்குள் விழும் வட்டமும் சூரியன்தான். சூரிய கிரகணத்தன்று பாருங்கள், மரத்தடி முழுக்கப் பிறைகள் சிதறிக் கிடக்கும். வானத்தை நேராகப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. ஓர் அட்டையில் முக்கோணமாக, சதுரமாகச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு வெயிலில் பிடித்தால், தள்ளிப் பிடிக்கப் பிடிக்க எல்லாம் வட்டமாகிவிடும்.

நிழலே இல்லாத நாள் ஒன்று உண்டு, தெரியுமா? ஒன்றல்ல, வருஷத்துக்கு இரண்டு! சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும்போது, நேராக நிற்கிற எந்தப் பொருளின் நிழலும் அதன் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். தினமும் நண்பகலில் அப்படித்தானே என்று நினைக்கிறீர்களா? இல்லை! மற்ற நாட்களில் சூரியன் வடக்கிலோ தெற்கிலோ கொஞ்சம் சாய்ந்துதான் போகும். 2,200 ஆண்டுகளுக்கு முன்னால் எரடோஸ்தெனீஸ் என்ற கிரேக்க அறிஞர், எகிப்தில் ஓர் ஊரில் நிழல் இல்லாமல் போகும் அதே நண்பகலில் இன்னோர் ஊரில் நிழல் எவ்வளவு விழுகிறது என்று அளந்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். ஒரு குச்சி, ஒரு நிழல்!

நமக்கு அந்த நாள் தெற்கிலிருந்து வடக்காக நடந்து வருகிறது. ஏப்ரல் 10-ஐ ஒட்டிக் கன்னியாகுமரி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி யாழ்ப்பாணம், 16 வாக்கில் மதுரை, 24 வாக்கில் சென்னை. பிறகு திரும்பி வரும்போது சென்னைக்கு ஆகஸ்ட் 18 வாக்கில் இரண்டாம் தரம். அன்றைக்கு 12 மணிக்கெல்லாம் பிள்ளையையும் ஓர் உயரமான டம்ளரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். அடுத்த அரைமணி நேரத்துக்குள் டம்ளரின் நிழல் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போகும். பார்க்கத் தவறிவிடாதீர்கள். கடக ரேகைக்கு வடக்கே இருக்கிற டெல்லிப் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்கக் காத்திருந்தாலும் இந்தக் காட்சி கிடைக்காது!